இரண்டு கோடை உலர்ந்த விறகு

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், தன்யூப் நதியின் வடகரையில் ஊர்ஃபார் என்றொரு சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. 1888இல் திறக்கப்பட்ட மலைப்பாதை அங்கிருந்துதான் புறப்படுகிறது. கொஞ்ச தூரம் நதியை ஒட்டி ஓடிவிட்டு, பிறகு ரயில் வடமேற்கே திரும்பிக் கருங்கல் மேட்டில் ஏறத் தொடங்கும். அந்த மேட்டு நிலத்துக்கு மியூல்ஃபீர்ட்டல் என்று பெயர். வடக்கே செக் நாட்டு எல்லைவரை பரந்து கிடக்கும் பூமி அது. ஜனவரி முதல் வாரத்தில் அந்த ரயிலில் ஏறிய பயணிக்குச் சன்னலுக்கு வெளியே முதலில் தெரிவது பனி. அடுத்துத் தெரிவது விறகு.

எங்கு பார்த்தாலும் விறகு. வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிச் சன்னல் உயரத்துக்கு, தொழுவத்தின் கூரை நிழலில், தோட்டத்து ஓரத்தில் வேலிபோல நீளமாக. வெட்டுமுகங்கள் வெளியே தெரியும்படி அடுக்கியிருப்பார்கள். சில அடுக்குகள் வெளிர் மஞ்சளாக இருக்கும், அவை புதியவை. சில சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும்; அவை வெயிலையும் காற்றையும் வாங்கி முதிர்ந்தவை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த மூதாட்டி அந்த நிறங்களைப் பார்த்தே எந்த வீட்டில் எந்த வருஷத்து விறகு என்று சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு கோடை காயாத விறகை அடுப்பில் வைப்பவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ரோர்பாக்-பெர்க்கில் இறங்கி, பேருந்து பிடித்து, உல்ரிக்ஸ்பெர்க்கை அடுத்த ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி. இந்த வட்டாரத்துப் பழைய பண்ணை வீடுகளை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. கருங்கற்களைப் பூச்சு மறைக்காமல் வெளியே தெரிய விட்டு, இடைவெளியில் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். சுவர் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்திருக்கும். அழகான சுவர், ஆனால் குளிரை உள்ளே விடும் சுவர். இத்தகைய வீட்டை ஆறு மாதம் சூடாக வைத்திருப்பது சாதாரணக் காரியமல்ல.

வீட்டுக்குள் நுழைந்ததும் பயணி தேடியது நெருப்பை. அது எங்கும் கண்ணில் படவில்லை. கூடத்தில் கணப்பு இல்லை, புகை வாடை இல்லை. சன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டர் தகடுகளில் கை வைத்தால் இதமான சூடு. தரை ஓடுகூடக் காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. நெருப்பு முற்றத்தைத் தாண்டி, பழைய குதிரை லாயத்தில் இருந்தது. அங்கேதான் விறகு பாய்லர்.

பாய்லர் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் வருவது குளியலறை ஓரத்தில் நிற்கும் செம்புக் கலம். இது அதைவிடப் பெரிது. ஆள் உயர இரும்பு அலமாரி அளவு. மேல் கதவைத் திறந்தால் அரை மீட்டர் நீள விறகுகள் அடுக்கும் அறை. அதன் அடித்தளம் தீச்செங்கல்லால் ஆனது. நடுவில் ஒரு பிளவு. சாதாரண அடுப்பில் தீ மேலே ஏறும். இதில் கீழே இறங்கும். பின்புறத்தில் ஒரு விசிறி காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், விறகிலிருந்து கிளம்பும் வாயு மேலே போக வழியின்றி அந்தப் பிளவின் வழியாகக் கீழ் அறைக்குள் பாய்கிறது. அங்கே இரண்டாவது முறையாகக் காற்று கலக்கிறது. அந்த அறையில் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. விறகு எரிவதாக நாம் சொன்னாலும், பெரும்பாலும் எரிவது விறகு கக்கும் வாயுதான். மரத்தைச் சூடாக்கினால் முதலில் ஈரம் போகும். பிறகு எரியக்கூடிய வாயுக்கள் வெளியேறும். கடைசியில் கரி மிஞ்சும். மரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி நடுவில் வரும் அந்த வாயுவில் இருக்கிறது. அது எரியாமல் தப்பித்தால் புகை. நம் பாட்டிமார் ஊதுகுழலோடு கண் கலங்க உட்கார்ந்திருந்த அடுப்படியில், விறகின் ஒரு பங்கு எரியாமலே புகையாகக் கூரை வழியே போய்க்கொண்டிருந்தது. இந்த பாய்லர் அந்தப் புகையைப் பிடித்துக் கீழறையில் எரித்துவிடுகிறது. பண்ணைக்காரரான பெரியவர் கீழ்க் கதவின் கண்ணாடித் துளை வழியே காட்டினார்: வெள்ளையும் இளநீலமுமாக, சீறிக்கொண்டு ஒரு சுடர். முற்றத்துக்குப் போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தால், குளிரில் வெண்மையாகும் நீராவி மட்டும் மெல்லியதாகத் தெரிந்தது.

எரிந்த வாயு வெளியே போகும் குழாயில் ஆக்சிஜனை அளக்கும் ஒரு சிறிய உணர்கருவி இருக்கிறது. 1976இல் கார்களுக்கென்று வந்த கருவி அது. சில ஆண்டுகளில் விறகு பாய்லருக்கும் வந்துவிட்டது. காற்று கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். கீழ் ஆஸ்திரியாவின் வீஸல்புர்க்கில் உள்ள அரசுப் பரிசோதனை நிலையம் பல பத்தாண்டுகளாக இந்த பாய்லர்களைச் சோதித்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் விறகின் ஆற்றலில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் வீட்டுக்குச் சூடாகக் கிடைத்தது. இன்றைய பாய்லர்களில் அது 90 சதவிகிதத்துக்கு மேல். ஒரே தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது. இதை நடத்திக் காட்டியவர்கள் பெருநகர ஆய்வகத்தார் மட்டுமல்ல. கிரீஸ்கிர்ஹன், பாய்யர்பாக் போன்ற மேல் ஆஸ்திரியச் சிற்றூர்களின் தொழிற்சாலைகளும்தான். உலகின் பெயர்பெற்ற விறகு பாய்லர் நிறுவனங்கள் பல ஒரு மாநிலத்துக்குள், ஒரு நாளில் சுற்றிப் பார்த்துவிடும் தூரத்தில் இருக்கின்றன. காடு பக்கத்தில் இருந்தது, குளிர் வாட்டியது, எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது அவர்களுக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

பாய்லருக்குப் பக்கத்தில் கூரை தொட நிற்கும் இரண்டு தொட்டிகள்தான் இந்த ஏற்பாட்டின் மூளை. தடித்த கம்பளி உறை போர்த்திய, தலைக்கு 1,000 லிட்டர் நீர்த்தொட்டிகள். விறகுத் தீயைக் குழாய் திருகுவதுபோலக் கூட்டிக் குறைக்க முடியாது. மட்டுப்படுத்தினால் புகையும், தாரும் வரும். ஆகவே முழு வேகத்தில் நன்றாக எரியவிட்டு, வரும் சூட்டையெல்லாம் நீரில் சேமிக்கிறார்கள். கணக்கும் எளிது. உலர்ந்த விறகு கிலோவுக்கு நான்கு யூனிட் ஆற்றல் தரும். நம் மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட். ஒரு வேளைக்கு 40 கிலோ விறகு அடுக்கினால் சேதாரம் போக சுமார் 145 யூனிட் கிடைக்கும். 2,000 லிட்டர் நீரை 35 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏற்ற 115 யூனிட் போதும். மிச்சம் எரியும் நேரத்திலேயே வீட்டுக்குப் போய்விடும். மாலையில் ஒருமுறை தீ மூட்டினால், இரவு முழுக்கவும் மறுநாள் பகலிலும் தொட்டியிலிருந்து சூடு எடுத்துக்கொள்ளலாம். கடுங்குளிர் நாளில் இரண்டு முறை மூட்ட வேண்டும். இளவேனில் பக்கம் வந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை.

தொட்டியில் மேலிருந்து கீழாக ஐந்து வெப்பமானிகள். சூடான நீர் மேலே மிதக்கும், குளிர்ந்தது அடியில் தங்கும். காலையில் எழுந்ததும் வீட்டுக்காரம்மா முதலில் பார்ப்பது அந்த முட்களைத்தான். மேலே 72, நடுவில் 55, அடியில் 34 என்றால் சாயங்காலம் வரை கவலையில்லை. இன்னும் எவ்வளவு சூடு கையிருப்பில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முற்றத்துக்கு வந்தால் இன்னும் எத்தனை வாரத்துக்கு விறகு இருக்கிறது என்பதும் தெரிகிறது. எரிவாயுக் குழாயில் இந்தத் தெளிவு கிடையாது; ரசீது வந்த பிறகுதான் செலவு தெரியும். விறகு வீட்டின் நிறைவு பெரும்பாலும் இந்தக் கண்கூட்டுக் கணக்கில் இருக்கிறது என்று பயணிக்குத் தோன்றியது. அடுத்த ஜனவரிக்கான வெப்பம் சுவரோரத்தில் நிற்பதைத் தொட்டுப் பார்க்க முடிகிற குடும்பம் எந்த நாட்டுச் சண்டைக்கும் பயந்து தூக்கம் கெட வேண்டியதில்லை. 2022 குளிர்காலத்தில் ஐரோப்பா முழுக்க எரிவாயு விலை எகிறியபோது, மரத்தூளை அழுத்திச் செய்யும் பெல்லட்டின் விலையும் கூடவே ஏறியது. சொந்தக் காட்டு விறகை அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த வருஷமும் வழக்கமான வருஷம்தான்.

விறகின் அளவு அங்கே எடையில் இல்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கிய விறகு, இடையிலுள்ள காற்றையும் சேர்த்து, ஓர் அளவு. பீச் மரமானால் அந்த அளவு சுமார் 2,000 யூனிட் தரும். 200 லிட்டர் எண்ணெய்க்குச் சமம். ஸ்ப்ரூஸ் மரம் லேசானது, 1,400 யூனிட் அளவில் நிற்கும். கிலோவுக்குக் கிலோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஸ்ப்ரூஸில் பிசின் அதிகம், சட்டென்று பற்றும். பீச் நிதானமாக எரிந்து நல்ல தணல் விடும். அதனால் அடியில் ஸ்ப்ரூஸ் சிலாம்பு, மேலே பீச் கட்டை. இந்த வீட்டுக்கு ஒரு குளிர்காலத்தில் இருபது அளவுவரை போகிறது.

அந்த இருபதும் தானாக வந்து சேருவதில்லை. மரத்தில் நீரோட்டம் அடங்கியிருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வெட்ட வேண்டும். நிலம் உறைந்திருப்பதால் டிராக்டர் போனாலும் மண் குழையாது. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர்; அப்படியே எரித்தால் கிலோவுக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் தேறும். கிலோவில் எரியும் மரமே பாதிதான்; அதன் ஆற்றலிலும் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் செலவாகிவிடும். வசந்தம் வருவதற்குள் பிளந்துவிடுகிறார்கள். பிளக்க ஹைட்ராலிக் இயந்திரம் இருக்கிறது; கணு உள்ள கட்டையைக் கூட அது பிளந்து போடும். பெரியவர் மட்டும் ஒரு சிறு பங்கைக் கோடாலியால்தான் பிளப்பேன் என்று வைத்திருக்கிறார். பனி உறைந்த பீச் கட்டை ஒரே போடில் இரண்டாகும்போது எழும் ஓசையைக் கேட்டவர்களுக்கு அவருடைய பிடிவாதம் புரியும்.

பிறகு அடுக்குதல். தரையில் நேரே வைக்காமல் இரண்டு கழிகளின் மேல் வைப்பார்கள். மேலே மட்டும் மூடுவார்கள், பக்கங்களில் காற்று ஓட வேண்டும். பட்டை மேலே வரும்படி வைத்தால் மழை வழிந்துவிடும். ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே போன பிறகே அடுப்புக்குத் தகுதி. ஊசி குத்தி ஈரம் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தாலும், பெரியவர் இரண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். உலர்ந்தவை கணீரென்று ஒலித்தன. ஈரமானவை மந்தமாகச் சத்தம் கொடுத்தன.

மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது. வடக்கே பொஹீமியக் காடு, அதன் முதுகில் 1,379 மீட்டர் உயர ப்ளோக்கன்ஷ்டைன் சிகரம். அந்தப் பக்கம் பெய்யும் மழையெல்லாம் வல்டாவா நதியில் சேர்ந்து பிராக் நகர் வழியே வட கடலுக்குப் போகிறது. இந்தப் பக்கத்து மழை தன்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது. இந்த நீர்ப்பிரிகோட்டின் மேல்தான் விறகுக்காக வெட்டிய ஒரு கால்வாய் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு வருபவர்கள் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா விறகுக்குத் தவித்தது. நகரம் பெருத்துவிட்டது, சுற்றியிருந்த காடு போதவில்லை. ஷ்வார்ட்ஸன்பெர்க் பிரபுக்களிடம் பொஹீமியக் காட்டில் மரம் மண்டிக் கிடந்தது. ஆனால் அங்கிருந்து ஓடும் தண்ணீரோ எதிர்த்திசையில் ஓடியது. அவர்களிடம் பணியாற்றிய வனப் பொறியாளர் யோசஃப் ரோஸனாவர், மலைச்சரிவை ஒட்டி மெல்லிய சாய்வில் கால்வாய் வெட்டி, வடபுறத்து ஓடைகளை ஒன்றொன்றாக அதில் சேர்த்து, நீர்ப்பிரிகோட்டைத் தாண்டித் தெற்கே கொண்டுவந்துவிடலாம் என்று திட்டம் போட்டார். 1789இல் வேலை தொடங்கியது. 1820களில் கால்வாயை மேலும் நீட்டினார்கள். வழியில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கமும் அமைத்தார்கள். மொத்த நீளம் 50 கிலோமீட்டரைத் தாண்டும். வசந்தத்தில் பனி உருகிக் கால்வாய் நிறையும்போது, குளிர்காலம் முழுக்க வெட்டிக் கரையில் அடுக்கியிருந்த விறகைத் தண்ணீரில் தள்ளுவார்கள். இடையில் சிக்கிக்கொள்ளாமல் பார்க்க, கரை நெடுகக் கொக்கி மாட்டிய கழிகளோடு ஆட்கள் நிற்பார்கள். விறகு க்ரோஸே மியூல் ஆற்றில் இறங்கி, தன்யூபை அடைந்து, அங்கே படகேறி வியன்னா போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை வியன்னா வீடுகளின் பீங்கான் ஓட்டு அடுப்புகளில் இந்த மலையின் மரம் எரிந்தது.

பயணி போனபோது ரோஸன்ஹ்யூகல் என்ற இடத்துப் பக்கம் கால்வாய் பனி மூடிக் கிடந்தது. பனிச்சறுக்கு போட்டவர்கள் அதன் கரையையே பாதையாக்கி வழுக்கிக்கொண்டு போனார்கள். கரைக்குக் கருங்கல் கட்டியிருப்பது ஓரிடத்தில் தெரிந்தது. இரண்டு நூற்றாண்டாகியும் வரிசை குலையாத கற்கள். கோடைக்காலத்தில் சில நாள்கள் பார்வையாளர்களுக்காக இன்றும் விறகு மிதக்கவிட்டுக் காட்டுகிறார்கள்.

அன்றைய வியன்னா காட்டைத் தின்றது என்பதும் இதே வரலாற்றின் பகுதி. பீச்சும் ஃபிர்ரும் ஸ்ப்ரூஸும் கலந்து நின்ற காடுகளை வெட்டிவிட்டு, வேகமாக வளரும் என்று ஸ்ப்ரூஸை மட்டும் வரிசையாக நட்டார்கள். அதன் விலையை இப்போது கொடுக்கிறார்கள். 2018இன் வறட்சியில் மியூல்ஃபீர்ட்டலின் ஸ்ப்ரூஸ் தோப்புகளைப் பட்டைத் துளைப்பான் வண்டு சூறையாடியது. தாகத்தில் பிசின் சுரக்க முடியாத மரம் வண்டைத் தள்ள முடியாமல் சில வாரங்களில் பட்டுப்போகும். பட்ட மரத்தை உடனே வெளியேற்றாவிட்டால் அடுத்த மரத்துக்கும் பரவும். பலகைக்கு உதவாத அந்த மரங்கள் விறகாகவும் சில்லுகளாகவும் பாய்லர்களுக்கு வந்தன. காலியான இடத்தில் இப்போது பீச், ஓக், மேப்பிள் கன்றுகள் கலந்து நடுகிறார்கள். மான் கடிக்காமலிருக்கக் கன்றுகளுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள்.

விறகு எரிப்பது நல்லதா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பழைய திறந்த கணப்பும் ஈர விறகும் நுண்துகளைக் கக்கி நுரையீரலைக் கெடுக்கும். பள்ளத்தாக்கு ஊர்களில் குளிர்காலக் காற்று அப்படியே தேங்கி நிற்கும். எரியும் மரம் வெளியிடும் கரியமில வாயுவை அடுத்த மரம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதும், காடு வெட்டுவதைவிட வேகமாக வளரும் இடத்தில் மட்டுமே நியாயம். ஆஸ்திரியாவில் நிலப்பரப்பின் ஏறத்தாழ பாதி காடு. 1975ஆம் ஆண்டு வனச்சட்டம் இரண்டு ஹெக்டேருக்கு மேல் மொட்டையடிப்பதைத் தடுக்கிறது. வெட்டிய இடத்தில் மறுபடி காடு வர வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. காட்டில் சுமார் பாதி, 200 ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சிறு உடைமையாளர்களிடம் இருக்கிறது. தாத்தா நட்டதைப் பேரன் வெட்டுகிற இந்த ஏற்பாட்டில் விறகு பொருத்தமான எரிபொருள். கப்பலில் கண்டம் விட்டுக் கண்டம் மரத்தைக் கொண்டுபோய் மின்நிலையத்தில் கொட்டுவதை இதோடு சேர்த்துப் பேசுவது தவறு.

ஆபத்துகளையும் அங்கே மறைத்துப் பேசுவதில்லை. சங்கிலி வாள் இயந்திரத்தோடு காட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது. வெட்டு விழுந்தால் நூல் பிரிந்து சங்கிலியைச் சுற்றி நிறுத்திவிடும் காற்சட்டை போடாமலும் போகக் கூடாது. மின்சாரம் நின்றால் பாய்லரின் விசிறியும் பம்பும் நின்றுவிடும். அப்போது உள்ளே இருக்கும் தணலின் சூடு நீரைக் கொதிக்க வைத்துவிடாமல், வெப்பம் எல்லை மீறினால் குழாய்த் தண்ணீர் தானாகப் பாய்ந்து குளிர்விக்கும் வால்வு ஒன்று உண்டு. புகைபோக்கியைத் துப்புரவு செய்பவர் சட்டப்படி குறித்த இடைவெளியில் வந்தே தீருவார். கறுப்பு உடுப்பில் வரும் அவரைப் புத்தாண்டுச் சமயத்தில் தொட்டால் அதிர்ஷ்டம் என்று குழந்தைகள் பின்னாலேயே ஓடுவார்கள்.

ஜனவரி 5 மாலை, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தைய இரவு. இந்த நாட்டுப்புறத்தில் அது தூபம் காட்டும் இரவுகளில் கடைசி. அடுப்புத் தணலை ஒரு சட்டியில் அள்ளி, குந்திரிக்கமும் கோடையில் உலர்த்திய மூலிகையும் தூவி, குடும்பமே அறை அறையாக, தொழுவம் தொழுவமாகச் சுற்றி வரும். முன்பு தணல் சமையலறை அடுப்பிலிருந்து வந்தது. இப்போது சமையலுக்கு மின் அடுப்பு, தணல் பாய்லரிலிருந்து. பெரியவர் நீளக் கரண்டியால் பீச் கங்குகளை அள்ளிச் சட்டியில் போட்டார், பேத்தி குந்திரிக்கம் தூவினாள், பாட்டி செபம் சொல்லிக்கொண்டு முன்னே நடந்தார். மாடுகள் ஒவ்வொன்றாகத் தலை திருப்பிப் பார்த்தன. பாய்லர் அறைக்கும் தூபம் காட்டினார்கள், விறகு அடுக்குக்கும் காட்டினார்கள்.

இரவுச் சாப்பாட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மகனுக்கு லின்ஸில் வேலை, தினமும் போய்வருகிறார். நாளைக்கு அப்பாவுக்கு முடியாமல் போனால் யார் விறகு அடுக்குவது? ஊர் நடுவில் விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் பெரிய பாய்லர் ஒன்று இருக்கிறது. அவர்கள் காட்டுக் கழிவுகளைச் சில்லுகளாக்கிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பூமிக்கடியில் போகும் குழாய் வழியே சுடுநீர் பள்ளிக்கும் கோயிலுக்கும் வீடுகளுக்கும் போகிறது. மேல் ஆஸ்திரியாவில் இப்படி நூற்றுக்கணக்கான ஊர்ப் பாய்லர்கள் இருக்கின்றன. 2020 முதல் புதுக் கட்டடங்களில் எண்ணெய் பாய்லர் வைக்கத் தடை வந்த பிறகு அவற்றுக்கு இன்னும் கிராக்கி. இந்தப் பண்ணை ஊருக்கு வெளியே இருப்பதால் குழாய் வராது. ஆகவே சில்லுகளைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் தானியங்கி பாய்லர் வாங்கலாம் என்பது மகனின் யோசனை.

பெரியவர் மறுக்கவில்லை. சில்லும் அதே காட்டு மரம்தானே என்றார். ஆனால் இப்போதிருக்கும் பாய்லர் இன்னும் பத்து வருஷம் உழைக்கும், அதுவரை இது இருக்கட்டும் என்றார். மகன் தலையாட்டினார். காலையில் இருவரும் வடக்குச் சரிவுக்குப் போவதாக ஏற்பாடு. வண்டு தாக்கிய ஸ்ப்ரூஸ்களில் சிவப்புப் பட்டை பூசிக் குறிக்க வேண்டியிருந்தது. பயணியும் கூட வரலாம் என்றார்கள். காலுறை இரண்டு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.